பேண்ட் காலும் பைக்குள் இருக்கும் போனும்: பள்ளிக்கு எந்த விதி சரி?

ஜூன் மாதம் எங்கள் தையல் கடைக்கு முதலில் அம்மாக்கள் வருவார்கள். "வளர்ற புள்ள, கீழ மூணு இஞ்ச் சேர்த்து மடக்கி அடிச்சுடுங்க" என்பார்கள். அடுத்த பத்து நாளில் அதே பிள்ளைகள் தனியாக வருவார்கள். "அக்கா, காலை மட்டும் புடிச்சுக் குடுங்க" என்பார்கள். நான் 16 இஞ்ச் பாட்டம் (பேண்ட் காலின் கீழ்ச் சுற்றளவு) வைத்துத் தைத்ததை 12 இஞ்ச் ஆக்க வேண்டுமாம். பாதம் நுழையாதே என்றால், நுழையும் என்று அங்கேயே போட்டுக் காட்டுவான்.

இருபது வருஷமாக யூனிஃபார்ம் தைக்கிறேன். என் மகள் பத்தாம் வகுப்பு. பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் என் பெயர் இருக்கிறது. இந்த ஆண்டு ஹெட்மிஸ்ட்ரஸ் எங்கள் ஆறு பேரிடம் ஒரு தாளைக் கொடுத்தார். 9, 10 வகுப்புகளுக்கு உடை விதி என்ன, செல்போன் விதி என்ன, இரண்டு வாரத்தில் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். ஈரோடு பக்கம் உள்ள ஓர் உதவி பெறும் பள்ளி. பெயர் வேண்டாம்.

கூட்டத்தில் எல்லோரும் 'ஸ்டிரிக்டா வேண்டும்', 'கொஞ்சம் விட்டுப்பிடிக்கலாம்' என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துகொண்டார்கள். எனக்கு அந்தப் பிரிவே சரியாகப் படவில்லை. எந்த விதியை யார் சொன்னாலும் நான் கேட்டது ஒன்றைத்தான்: முதல் பிள்ளை இதை மீறி வரும் நாளில், காலை 9.10-க்கு கேட்டில் அவனை என்ன செய்யப் போகிறோம்? அந்தப் பதிலை அவன் அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதென்றால் அந்த விதி வேண்டாம்.

முதலில் போன், ஏனென்றால் சண்டை அதில்தான் அதிகம். முன்னால் இருந்த வழிகள் நான்கு. கொண்டுவரவே கூடாது, கொண்டுவரலாம் ஆனால் காலையில் ஒப்படைத்துவிட வேண்டும், ஸ்விட்ச் ஆஃப் செய்து பையில் வைத்துக்கொள்ளலாம், பட்டன் போன் மட்டும் அனுமதி.

முழுத் தடைதான் நம் ஊரில் பழகிய வழி. 2022 மே மாதத்தில் பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி, மாணவர்கள் போன் கொண்டுவந்தால் பறிமுதல் செய்யப்படும், திருப்பித் தரப்படாது என்று சொன்னார். வெளிநாட்டிலும் காற்று அந்தப் பக்கம்தான் அடிக்கிறது. பிரான்ஸில் 2018-லேயே 15 வயது வரையிலான மாணவர்களுக்குச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நெதர்லாந்தில் 2024 ஜனவரியில் உயர்நிலை வகுப்பறைகளிலிருந்து வெளியேற்றினார்கள். பிரேசில் 2025 ஜனவரியில் சட்டமே கொண்டுவந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. கவனம் ஒருமுறை சிதறினால், பாடத்துக்குத் திரும்ப 20 நிமிடம் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை சொல்கிறது. நம் பீரியடே 40 அல்லது 45 நிமிடம். ஒரு மெசேஜ் வந்தால் பாதி வகுப்பு போச்சு. இங்கிலாந்தில் 91 பள்ளிகளை வைத்து 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, போனைத் தடுத்த பிறகு தேர்வு மதிப்பெண் உயர்ந்தது என்றது. அதிலும் பின்தங்கிய மாணவர்களுக்குத்தான் அதிகப் பலன். நன்றாகப் படிக்கிறவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. கடைசி பெஞ்சுக்காகத்தான் இந்த விதி என்று நான் கூட்டத்தில் சொன்னபோது ஹெட்மிஸ்ட்ரஸ் தலையாட்டினார்.

ஆனால் எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. 2025 பிப்ரவரியில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில் 30 பள்ளிகள், 1,227 மாணவர்கள். போனைத் தடுத்த பள்ளிக்கும் விட்டுவைத்த பள்ளிக்கும் பிள்ளைகளின் மனநலத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பள்ளியில் பார்க்காததை வீட்டில் பார்த்துவிடுகிறார்கள். ஆக, பள்ளி விதி வகுப்பறையைக் காப்பாற்றும், ராத்திரி பன்னிரண்டு மணியைக் காப்பாற்றாது. கூட்டத்துக்கு வந்த அப்பாக்களில் சிலர் ராத்திரி பிரச்சினைக்குத்தான் பள்ளியில் மருந்து தேடினார்கள்.

சரி, கேட்டுக்கு வருவோம். முழுத் தடை என்கிறோம், ஒருவன் கொண்டுவந்துவிட்டான். பறிமுதல். திருப்பித் தர மாட்டோம். அந்தப் போன் யாருடையது? எங்கள் தெருவில் பெரும்பாலும் 2020-ல் ஆன்லைன் வகுப்புக்கென்று மாதத் தவணையில் வாங்கியது, அல்லது அதற்குப் பிறகு வந்த அதன் தம்பி. பத்து பன்னிரண்டாயிரம் ரூபாய். தவணையைக் கட்டியது விசைத்தறிக்குப் போகும் அம்மா. பையன் செய்த தப்புக்கு அபராதம் அவள் தலையில். அதனால் நடைமுறையில் எந்த ஆசிரியரும் திருப்பித் தராமல் இருப்பதில்லை. பீரோவில் ஒரு வாரம் கிடக்கும், அப்புறம் யாராவது தெரிந்தவர் சிபாரிசோடு வந்து வாங்கிப் போவார்கள். சிபாரிசு இல்லாதவன் போன் மட்டும் அங்கேயே கிடக்கும். அப்படிப்பட்ட விதியைப் பிள்ளைகள் மூன்றே நாளில் எடை போட்டுவிடுவார்கள்.

"பெற்றோர் நேரில் வந்தால்தான் தருவோம்" என்பது நியாயமாகத் தெரியும். ஆனால் நேரில் வருவது என்றால் ஒரு நாள் கூலி போகும். அதுவும் அபராதம்தான், ரசீது இல்லாத அபராதம்.

பையில் ஆஃப் செய்து வைக்கும் வழி இருப்பதிலேயே சுலபம், செலவும் இல்லை. அதை நான் எதிர்த்தேன். ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பார்க்கப் பையைத் திறக்க வேண்டும். பெண் பிள்ளைகள் பையை ஆண் ஆசிரியர் திறப்பதா? வாரம் ஒருமுறை திடீர்ச் சோதனை என்றால், 40 பேரைச் சந்தேகப்பட்டு ஒருவனைப் பிடிப்பது. போதாததற்கு, கழிப்பறையில் கேமரா என்ற பயம் எந்த அம்மாவுக்கும் உண்டு. அதை யாரும் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லவில்லை, வெளியே வந்து என்னிடம் சொன்னார்கள்.

பட்டன் போன் யோசனை ஒரு தாத்தாவுடையது. அழகான யோசனை, ஆனால் இன்று வீட்டில் இன்னொரு போன், இன்னொரு சிம், இன்னொரு ரீசார்ஜ். வேண்டாம் என்று இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டோம்.

ஒப்படைக்கும் வழியில்தான் அதிக நேரம் செலவழித்தோம். 2025 பிப்ரவரி 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு கேந்திரிய வித்யாலயா மாணவர் தொடர்பான வழக்கில் சில நெறிகளைச் சொன்னது. அடியோடு தடை செய்வது விரும்பத்தக்கதும் இல்லை, நடக்கக்கூடியதும் இல்லை. முடிந்த இடத்தில் காலையில் வாங்கி வைத்து மாலையில் கொடுக்கலாம். வகுப்பறையில் பயன்படுத்தக் கூடாது. படமெடுப்பதும் பதிவு செய்வதும் கூடாது. தவறாகப் பயன்படுத்தினால் போனைப் பறித்து வைப்பது ஒரு தண்டனையாக இருக்கலாம். விதியைப் பெற்றோர், ஆசிரியர்களைக் கலந்து வகுக்க வேண்டும். அந்தத் தீர்ப்பு நம் மாநிலப் பள்ளியைக் கட்டுப்படுத்தாது, ஆனால் யோசித்த விதம் பிடித்திருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு வகுப்பில் 35 பேர் போன் கொண்டுவந்தால், ஆளுக்குப் பத்து வினாடி என்றாலும் ஆறு நிமிடம். மாலையிலும் அதே ஆறு நிமிடம், அதுவும் பஸ்ஸுக்கு ஓடும் நேரத்தில். ஒன்று தொலைந்தால் வகுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். ஸ்கிரீனில் ஏற்கெனவே கீறல் இருந்ததா, இங்கே விழுந்ததா என்று வழக்கு வரும். அமெரிக்காவில் காந்தப் பூட்டுப் போட்ட பை விற்கிறார்களாம், பிள்ளைக்கு 25-30 டாலர். நம் பள்ளியில் அந்தக் காசுக்கு இரண்டு செட் யூனிஃபார்மே தைத்துவிடலாம்.

அதனால் இரண்டையும் கலந்தோம். கொண்டுவரக் கூடாது என்பது பொது விதி. தேவை இருக்கிற பிள்ளைக்குப் பெற்றோர் ஒரு கடிதம் தர வேண்டும், அந்தப் போன் மட்டும் காலையில் ஒப்படைக்கப்படும். தேவை என்றால் என்ன? என் மகள் வகுப்பில் ஒரு பெண் 14 கிலோமீட்டர் தள்ளி இருந்து வருகிறாள். ஸ்பெஷல் கிளாஸ் முடிய ஆறு மணி. அந்த ஊர் பஸ் ஒன்றை விட்டால் அடுத்தது ஏழேகாலுக்கு. போன வருஷம் ஒருநாள் அந்த பஸ்ஸும் வரவில்லை. அவள் ஸ்டாண்டில் பூக்கடைக்காரம்மாவிடம் போன் வாங்கித்தான் வீட்டுக்குப் பேசினாள். அவளைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர்தான் ஒரு வகுப்பில் இருப்பார்கள். 12 போனை வாங்கி வைக்க இரண்டு நிமிடம் போதும்.

கடிதம் இல்லாமல் கொண்டுவந்தால்? முதல் தடவை அன்று மாலையே கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்து சொல்வது. மறுபடி நடந்தால் வெள்ளிக்கிழமை மாலை வரை பீரோவில், ரசீது எழுதி. பெற்றோர் வர வேண்டியதில்லை, அவர்களுக்கு ஒரு நாள் கூலியும் போகாது. ரசீதுதான் முக்கியம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். சிபாரிசு நுழையும் ஓட்டையை ஒரு துண்டுச் சீட்டு அடைத்துவிடும். ஸ்மார்ட் வாட்சும் காதில் மாட்டுவதும் இதே கணக்கில் சேரும். இரட்டைச் சடைக்குள் இயர்பட்ஸ் ஒளிந்திருப்பது ஹெட்மிஸ்ட்ரஸுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தலாகவே இருக்கிறது. வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்புவது பள்ளிதான். வருகைப் பதிவை வகுப்பில் நின்றுகொண்டு போனில் போடுவது ஆசிரியர்தான். "சார் மட்டும் பாக்குறாரு" என்று பிள்ளைகள் முணுமுணுத்தால் அதற்கு எங்கள் தாளில் பதில் இல்லை.

உடைக்கு வருகிறேன். துணியைப் பற்றி எங்களுக்குள் சண்டையே இல்லை. யூனிஃபார்ம் வேண்டும். நான் யூனிஃபார்ம் தைத்துப் பிழைப்பவள், அதனால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை அரசு நான்கு செட் தருகிறது. ஒன்பதில் நுழைந்ததும் துணி, தையல் எல்லாம் வீட்டுச் செலவு. ஒரு செட் தைக்க நான் 650 ரூபாய் வாங்குகிறேன், துணி தனி. அப்படியும் கலர் டிரஸ் என்றால் ஆகும் செலவில் இது பாதிகூட இல்லை. பிறந்தநாளுக்குக் கலர் டிரஸ் போடும் வழக்கத்தால், பிறந்தநாள் அன்று பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். புதுத்துணி இல்லாததுதான் காரணம். இன்னொன்று, ஜூனில் புது பஸ் பாஸ் கைக்கு வரும்வரை யூனிஃபார்மைப் பார்த்துத்தான் கண்டக்டர் ஏற்றிக்கொள்கிறார். அந்தத் துணியே டிக்கெட்.

வாரம் ஒருநாள் கலர் டிரஸ் என்ற யோசனையைக் கைவிட்டதும் இதனால்தான். சுடிதாரா, பேண்ட் சட்டையா என்பதைப் பெண் பிள்ளைகளே எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். கேரளத்தில் பாலுசேரி அரசுப் பெண்கள் பள்ளியில் 2021 டிசம்பரில் பதினொன்றாம் வகுப்பில் எல்லோருக்கும் பேண்ட் சட்டை கொண்டுவந்தபோது ஆதரவும் எதிர்ப்பும் எழுந்தன. அங்கே எல்லோருக்கும் ஒன்று. இங்கே இரண்டில் ஒன்று, அவ்வளவுதான். சுடிதார் மேல் ஓவர்கோட் மாட்டிக்கொண்டு வெயிலில் ரிவிஷன் டெஸ்ட் எழுதிய பிள்ளையைக் கேளுங்கள், பேண்ட் சட்டை ஏன் என்று சொல்லுவாள். இது தாளில் ஏறிவிட்டது. எத்தனை பேர் தைக்க வருவார்கள் என்பதை நானும் பார்க்கத்தானே போகிறேன்.

சண்டை வந்தது துணிக்கு மேலே இருப்பதில்: கயிறு, முடி, பேண்ட் கால்.

கயிறு சின்ன விஷயம் இல்லை. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்துச் சாதி பார்க்கும் பழக்கம் சில மாவட்டப் பள்ளிகளில் இருக்கிறது என்று 2019-ல் பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறங்கள் அதிலேயே இருந்தன. அரசியல் எதிர்ப்பு கிளம்பியதும் அது அப்படியே அமுங்கியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் பள்ளியில் வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

எங்கள் முன் இரண்டு வழி. சாதிக் கயிறு மட்டும் கூடாது, கோயில் கயிறு இருக்கலாம் என்பது ஒன்று. மணிக்கட்டில் எதுவுமே கூடாது என்பது மற்றொன்று. கேட்பதற்கு முதலாவதுதான் பக்குவமாக இருக்கிறது. கேட்டில் வைத்துப் பாருங்கள். இது எந்தக் கயிறு என்று பி.டி. மாஸ்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? எந்த நிறம் யாருக்கு என்று அவர் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டும். அப்புறம் அந்தப் பையன் யார் என்று விசாரிக்க வேண்டும். சாதியைத் தடுக்கப்போய் தினமும் காலையில் சாதி கேட்கிற விதி அது. ஆகவே எதுவுமே வேண்டாம் என்பதற்கே என் ஓட்டு. சாமி கயிறை இடுப்பில் கட்டிக்கொள்ளட்டும், சட்டைக்குள் கழுத்தில் போட்டுக்கொள்ளட்டும். அதை யாரும் தேட மாட்டார்கள்.

அப்படியானால் தலையில் முக்காட்டை மட்டும் ஏன் அனுமதிக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். கர்நாடகத்தில் வகுப்பறையில் முக்காட்டைத் தடுக்கும்படியான அரசாணை 2022 பிப்ரவரியில் வந்தது, மார்ச்சில் அந்த மாநில உயர் நீதிமன்றம் அதை ஏற்றது, அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதினார்கள். சட்டத்துக்குள் நான் போகவில்லை. கயிற்றைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு அரை நிமிடத்தில் வகுப்புக்குப் போய்விடலாம். முக்காட்டை எடு என்றால் அந்தப் பெண் வகுப்புக்குப் போக மாட்டாள், வீட்டுக்குப் போவாள். கயிற்றை அடையாளமாக வைத்து அடிதடி நடந்திருக்கிறது. முக்காட்டை வைத்து எங்கள் பள்ளியில் யாரும் யாரையும் அடித்ததில்லை. துப்பட்டாத் துணியிலேயே நான் வருஷத்துக்கு ஏழெட்டு முக்காடு ஓரம் அடித்துக் கொடுக்கிறேன். அது யூனிஃபார்மின் ஒரு பாகமாகவே தெரியும்.

முடி விஷயத்தில் நான் தோற்றேன், பாதி. ஃபேட் கட் (பக்கவாட்டில் ஒட்ட வெட்டுவது), ஒருபக்கம் கோடு, இதெல்லாம் இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன். ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்றை விட்டால் ஒன்பது வரும் என்றார்கள். சரி, விதி இருக்கட்டும், கத்தரி வேண்டாம் என்று பேரம் பேசினேன். ஆசிரியரே முடியை வெட்டிவிட்டார், பள்ளிக்கே முடிதிருத்துபவரை வரவழைத்தார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறதே, அது எங்கள் பள்ளியில் நடக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சலையும் சேர்த்துத்தான் தடுக்கிறது. சட்டம் 14 வயதோடு நின்றுவிடும், அவமானம் நிற்காது. பிரேயரில் எல்லோர் முன்னாலும் நெற்றிக்கு மேலே முடியில் ஒரு பட்டை வெட்டி அனுப்பப்பட்டவன் மறுநாள் வரவில்லை என்றால், எந்த விதி யாரைத் திருத்தியது?

முடிவில் வீட்டுக்கு ஒரு சீட்டு, அடுத்த திங்கள் வரை அவகாசம் என்று ஆனது. மூன்று நாள் என்றுதான் முதலில் எழுதினார்கள். செவ்வாய்க்கிழமை சலூன் லீவு, சனிக்கிழமைதான் கூலி, ஞாயிற்றுக்கிழமைதான் சலூன் கூட்டத்தில் உட்கார்ந்து வெட்டிக்கொள்ள முடியும் என்று விளக்கிய பிறகே திங்கள் ஆனது.

பேண்ட் கால் பற்றித் தாளில் '14 இஞ்சுக்குக் குறையக் கூடாது' என்று போட்டிருக்கிறார்கள். அளவைச் சொன்னவள் நான். டேப் வைத்து அளக்கலாம், வாக்குவாதம் இல்லை. மீறி வந்தால் தையலைப் பிரித்துவிட்டு வா என்று சீட்டு. அதற்காகத்தான் யார் கால் பிடிக்கச் சொன்னாலும் உள்ளே துணியை வெட்டுவதில்லை, ஒன்றரை இஞ்ச் விட்டுத்தான் அடிக்கிறேன். பிரித்துத் தர 30 ரூபாய். இரண்டு பக்கமும் எனக்கே வருமானம் என்று என் வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

இப்போது ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் 11 கடிதம் வந்திருக்கிறது. ஒப்படைக்கும் போன்களை வைக்கச் சுவரில் மாட்டுகிற மாதிரி பாக்கெட் வைத்த பை ஒன்றைத் தைத்துத் தரச் சொன்னார் ஹெட்மிஸ்ட்ரஸ். மிச்சம் கிடந்த யூனிஃபார்ம் துணியில், பின்னால் கேன்வாஸ் கொடுத்து, 12 பாக்கெட், ஒவ்வொன்றிலும் ரோல் நம்பர். அகலம் மூன்றரை இஞ்ச் வைத்தேன். நேற்று என் மகளின் போனை விட்டுப் பார்த்தால், கவரோடு நுழையவில்லை. பிரித்துக்கொண்டிருக்கிறேன்.